உளியாய் வந்த செடி

புண்ணும் மண்ணும் – 9

சென்ற இதழில் சிற்பி ராபர்ட் ஸ்மித்சனை அமரில்லோவில் விட்டுவிட்டு வந்தோம். 1973 ஜூலை 20-ஆம் நாள், டெக்சாஸ் மாநிலத்து ஏரி ஒன்றில் தான் எழுப்பவிருந்த மண்பாதையின் இடத்தை வானிலிருந்து பார்க்கப் போன சிறிய விமானம் விழுந்து அவர் இறந்தார். வயது 35. மனைவி நான்சி ஹோல்ட்டும், நண்பர்கள் ரிச்சர்ட் செர்ராவும் டோனி ஷஃப்ராசியும் அந்தப் பாதையைக் கட்டி முடித்தார்கள்.

அவர் தொடங்கி யாரும் முடிக்காத வேலை ஒன்று உண்டு. கடைசி ஆண்டுகளில் ஸ்மித்சன் சுரங்க நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். நீங்கள் தோண்டி எடுத்துக்கொண்டு போன பிறகு மிஞ்சும் குழியைக் கலைஞனிடம் கொடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. யூட்டா மாநிலத்தின் பிங்காம் தாமிரச் சுரங்கம், மலை ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்து அச்சு எடுத்தது போன்ற பள்ளம். அதன் அடியில் பெரிய வட்டத் தளம் ஒன்றை அமைக்க வரைபடம் போட்டார். காகிதத்தோடு நின்றது. ஆனால் எண்ணம் சாகவில்லை. ஆறே ஆண்டுகளில் நாட்டின் இன்னொரு மூலையில் உள்ளூர் நிர்வாகம் ஒன்றே அதைக் கையில் எடுத்தது. எடுத்த கையோடு ஒரு பெரிய சந்தேகமும் பிறந்தது. அந்தச் சந்தேகத்தைப் பற்றியும், அதற்குப் பதில் சொல்லப் புகுந்த, கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியைப் பற்றியும்தான் இந்த அத்தியாயம்.

இடையில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1977 ஆகஸ்டில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நிலக்கரிக்காக நிலத்தை மேலிருந்து வாரியெடுக்கும் நிறுவனம், வேலை முடிந்ததும் ஏறக்குறைய பழைய மேடுபள்ளத்துக்கே அதைக் கொண்டுவர வேண்டும். முன்பே கைவிடப்பட்டுக் கிடக்கும் சுரங்கங்களைச் சரிசெய்ய, தோண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு தீர்வை. அன்றைய கணக்கில் மேற்பரப்புச் சுரங்கம் என்றால் 35 சென்ட், நிலத்தடிச் சுரங்கம் என்றால் 15 சென்ட். புண்பட்ட நிலத்தை ஆற்றுவது நல்லெண்ணக் காரியமாக இருந்த நிலை மாறி, அதற்குச் சட்டமும் பணமும் வந்துவிட்டன. பணம் வந்த இடத்துக்குக் கலைஞர்களும் அழைக்கப்பட்டார்கள்.

சியாட்டில் நகரம் இருக்கும் கிங் கவுண்டியில் வேலை முடிந்து கைவிடப்பட்ட சரளைக் குவாரிகள் நிறைய. 1979-இல் அந்தக் கவுண்டியின் கலை ஆணையம் எட்டுக் கலைஞர்களை அழைத்தது. நிலத்தைச் சீரமைப்பதையே சிற்பமாகச் செய்துகாட்டுங்கள் என்பது கோரிக்கை. ஏழு பேர் திட்டம் வரைந்து கொடுக்க வேண்டும். ராபர்ட் மாரிஸ் மட்டும் உண்மையாகவே ஒன்றைக் கட்ட வேண்டும். அவருக்குக் கிடைத்த இடத்தின் பெயர் ஜான்சன் குழி எண் 30. 1940-களில் சரளை அள்ளிய பள்ளம் அது. கீழே ஆற்றுச் சமவெளி; ஒரு காலத்தில் பண்ணை நிலங்களாக இருந்து, கிடங்குகளும் தொழிற்கூடங்களும் நெருங்கி வந்துகொண்டிருந்த சமவெளி.

மாரிஸ் குழியைச் சுற்றிலும் படிப்படியாக வெட்டினார். நம் மலைச்சரிவுகளில் படிவயல் வெட்டுவது போல வளைந்து வளைந்து இறங்கும் மேடைகள். புல் விதைத்தார். இதுவரை எல்லோருக்கும் மகிழ்ச்சி. மேட்டின் ஒரு பக்கத்தில் இருந்த மரங்களை வெட்டி, அடிக்கட்டைகளை மட்டும் அப்படியே விட்டுவைத்து அவற்றுக்குக் கறுப்புத் தார் பூசியபோதுதான் அக்கம்பக்கத்தார் முகம் சுளித்தார்கள். பச்சைப் புல்லுக்கு மேலே, சுடுகாட்டில் பாதி எரிந்து நிற்கும் கட்டைகள் போல அவை நின்றன. அழகாக்கச் சொன்னால் அவலட்சணத்தை நட்டுவைத்திருக்கிறாரே என்று கேட்டார்கள்.

அதற்கு மாரிஸ் சொன்ன விளக்கம், இந்தத் தொடரில் நான் இதுவரை எழுதிய எல்லாவற்றையும் திரும்பிப் பார்க்க வைத்தது. அதே ஆண்டு நடந்த கருத்தரங்கில் அவர் பேசினார். அடுத்த ஆண்டு அது கட்டுரையாகவும் வந்தது. அவர் வாதத்தின் சாரம் இது: ஒரு நிறுவனம் மலையை வெட்டித் தின்கிறது. பிறகு ஒரு கலைஞன் வந்து குறைந்த செலவில் அந்த இடத்தை ரசிக்கத்தக்கதாக ஆக்கிவிடுகிறான். அடுத்த மலையை வெட்டப் போகும்போது நிறுவனத்துக்கு வேலை இன்னும் எளிது. எதிர்ப்பவர்களிடம் போன முறை செய்த பூங்காவைக் காட்டினால் போதும். அப்படியானால் கலைஞன் செய்தது நிலத்துக்கு மருத்துவமா, அழித்தவனுக்கு ஒத்தாசையா? குற்றவுணர்வை இவ்வளவு மலிவாகக் கழுவிக் கொடுக்கலாமா?

அந்தக் கறுப்புக் கட்டைகள் அதற்காகத்தான். இங்கே ஒன்று நடந்தது, அதை மறக்காதே என்று சொல்லும் நடுகற்கள். மாரிஸின் வாதத்தைப் படித்தபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால் அவர் கேள்வி நியாயமானது. ஆனால் அவர் கண்ட வழி நிலத்துக்கு எதையும் செய்யவில்லை. நினைவுச் சின்னம் நட்டால் மண் குணமாகாது. மறைப்பது தவறு என்றால், மறைக்காமல் ஆற்றுவது எப்படி?

இந்தக் கேள்வியோடு அடுத்த பத்தாண்டுகளில் பலர் மல்லுக்கட்டினார்கள். எல்லோரையும் இங்கே சொல்ல இடமில்லை. பெட்டி போமன்ட் செய்ததை முதலில் ஒரு பத்தியில் சொல்கிறேன், பின்னால் தேவைப்படும். அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்த சாம்பலைக் கொட்ட இடமில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தது அமெரிக்கா. அந்தச் சாம்பலை இறுக்கிக் கட்டியாக்கிக் கடலில் போட்டால் கரையாமல் நிற்குமா என்று நியூயார்க் மாநிலத்து விஞ்ஞானிகள் சோதித்துக்கொண்டிருந்தார்கள். போமன்ட் அவர்களோடு சேர்ந்தார். 500 டன் கழிவு, 17,000 கற்களாக மாறியது. 1980-இல் அவற்றை நியூயார்க் துறைமுகத்திலிருந்து 40 மைல் தூரத்தில் அட்லாண்டிக் தரையில் இறக்கினார். பாசி படர்ந்தது, மீன்கள் குடியேறின. கரையில் நின்று பார்க்கிறவருக்கு அங்கே ஒன்றும் தெரியாது. ஒரு சிற்பி தன் பெரிய படைப்பை யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

அதற்கு நேர் எதிராக, ஊரே பார்க்கும்படி ஒன்றைச் செய்தவர் ஆக்னஸ் டீனஸ். புடாபெஸ்டில் 1931-இல் பிறந்து நியூயார்க்கில் வாழ்பவர். உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களுக்கு அடித்தளம் தோண்டியபோது அள்ளிய மண்ணையும் பாறையையும் ஹட்சன் ஆற்றங்கரையில் கொட்டி ஒரு புதிய நிலப்பரப்பையே உண்டாக்கியிருந்தார்கள். வால் ஸ்ட்ரீட்டுக்கு நடந்து போகும் தூரம். அன்றைய மதிப்பில் 450 கோடி டாலர் பெறும் மனை. 1982 மே மாதம் அந்த இடிபாட்டு மண்ணின் மேல் இரண்டு ஏக்கரில் டீனஸ் கோதுமை விதைத்தார்.

அதை வெறும் கண்காட்சியாக நினைத்துவிடக்கூடாது. விவசாய வீட்டில் பிறந்தவர்களுக்கு அந்தக் கோடையின் உழைப்பு புரியும். கல்லையும் துருப்பிடித்த கம்பியையும் கையால் பொறுக்கினார்கள். 200 லாரி மண் கொண்டுவந்து பரப்பினார்கள். 285 சால்களைக் கையாலேயே இழுத்து, விதையைக் கையாலேயே தூவி மூடினார்கள். தண்ணீர் பாய்ச்ச ஏற்பாடு செய்தார்கள், களை எடுத்தார்கள், கதிரில் கரிப்பூட்டை வந்தபோது மருந்து தெளித்தார்கள். ஆகஸ்ட் 16-ஆம் நாள் அறுவடை. நம் கணக்கில் ஆடி முடியும் தறுவாய். இங்கே விதைக்கும் பட்டத்தில் அங்கே பொன்னிறக் கதிர் அறுத்தார்கள். ஏறக்குறைய 1,000 பவுண்டு கோதுமை கிடைத்தது. கோபுரங்களின் காலடியில் தாள் மட்டும் நின்ற அந்த வயலின் நிழற்படங்களை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனம் நிறைகிறது. பிறகு அங்கே கட்டடங்கள் எழுந்தன. அதுதான் முன்பே முடிவான திட்டம்.

நிலைத்து நிற்கும் ஒன்றை டீனஸ் பின்லாந்தில் செய்தார். யூலயார்வி என்ற ஊருக்கு அருகே சரளை தோண்டிச் சிதைத்த பின்சியோ குவாரிகள். 1992-இல் ரியோவில் பூமி உச்சி மாநாடு நடந்தபோது, அந்த இடத்தில் டீனஸின் மர மலையை எழுப்பப் போவதாகப் பின்லாந்து அரசு அறிவித்தது. 420 மீட்டர் நீளம், 270 மீட்டர் அகலத்தில் முட்டை வடிவ மலை ஒன்றைக் கட்டினார்கள். அதன்மேல் 11,000 பேர் 11,000 பைன் மரங்களை நட்டார்கள். சூரியகாந்திப் பூவின் நடுவில் விதைகள் சுருண்டு அடுக்கியிருக்கும் ஒழுங்கு உண்டல்லவா, அந்தக் கணக்கில் மரங்கள் நிற்கின்றன. நட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒரு சான்றிதழ். அந்த மரம் அவருடையது. பிள்ளை, பேரன் என்று வழிவழியாகக் கைமாறலாம். வெட்ட மட்டும் முடியாது. 400 ஆண்டுகளுக்கு இந்தக் காடு காக்கப்படும். 1996-இல் நடவு முடிந்தது.

மாரிஸின் கேள்விக்கு இது பாதிப் பதில். சரளை வெட்டிய குழியில் விஷம் இல்லை. மண் அரிப்பை நிறுத்தி மரம் வளர விட்டால் நிலம் மெல்ல மீளும். நிலத்துக்குள்ளேயே நஞ்சு ஊறிப்போயிருந்தால்? அதன் மேல் மண் போட்டு மரம் நட்டால் அது குணமா, மூடாக்கா?

இனி மினசோட்டாவுக்குப் போவோம்.

மிசிசிப்பிக் கரையில் இருக்கும் செயின்ட் பால் நகரத்துக்கு முதலில் அந்தப் புனிதப் பெயர் கிடையாது. ஒற்றைக்கண் பார்வையோடு சாராயம் விற்றுப் பிழைத்த பியர் பரான்ட் என்பவருக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர் பன்றிக்கண். அவர் குடியேறிய இடத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. 1841-இல் பாதிரியார் ஒருவர் புனித பவுல் பெயரில் சிற்றாலயம் கட்டி ஊர்ப்பெயரை மாற்றினார். பழைய பெயர் ஆற்றோரத்து ஏரிக்கும் சதுப்புக்கும் மிஞ்சியது. இந்த நூற்றாண்டிலும் நாரைகளும் கொக்குகளும் ஆயிரக்கணக்கில் கூடுகட்டும் நீர்நிலம் அது. அதையொட்டித்தான் 1956 முதல் 1972 வரை நகரத்தின் குப்பையைக் கொட்டினார்கள். அடியில் தடுப்பு எதுவும் கிடையாது. குப்பை நின்ற பிறகும், கழிவுநீர் நிலையத்தில் கசடை எரித்த சாம்பல் அங்கே வந்தது. ஒரு நகரத்தின் சாக்கடையில் என்னென்ன கலக்கிறதோ அத்தனையின் சாரமும் அந்தச் சாம்பலில் இருந்தது. முக்கியமாகக் காட்மியம்.

காட்மியம் என்ற பெயர் நமக்கு மின்கலத்தின் மேல் படித்த பெயர். துத்தநாகத்தின் நிழல் போன்ற உலோகம். துத்தநாகத் தாது இருக்கும் இடத்தில் எல்லாம் கூடவே இருக்கும். அரிசி உண்ணும் நாம் அதன் கதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜப்பானின் தொயாமா பகுதியில் ஜின்சு ஆறு பாய்கிறது. மேலே கமியோகா சுரங்கத்தின் கழிவு ஆற்றில் கலந்தது, கீழே வயல்களுக்கு அதே ஆற்று நீர் பாய்ந்தது. நெல் காட்மியத்தை உறிஞ்சி அரிசியில் சேர்த்தது. அந்த அரிசியைத் தின்ற கிராமத்துப் பெண்களின் எலும்புகள், குறிப்பாகப் பல பிள்ளை பெற்ற நடுவயதுப் பெண்களின் எலும்புகள், இருமினாலே முறியும் அளவுக்கு நொறுங்கின. வலியில் அவர்கள் கத்திய சொல்லே நோய்க்குப் பெயரானது: இதாய் இதாய். வலிக்கிறது, வலிக்கிறது. காட்மியம்தான் காரணம் என்று ஜப்பானிய அரசு 1968-இல் ஏற்றுக்கொண்டது. மேல்மண்ணை மாற்றி அந்த வயல்களை மீட்கும் வேலை 1979-இல் தொடங்கி 2012-இல்தான் முடிந்தது.

இப்படிப்பட்ட மண்ணுக்கு அன்று பெரும்பாலும் தெரிந்த வைத்தியம் இரண்டுதான். மேலே நல்ல மண்ணைப் போட்டு மூடுவது. அல்லது தோண்டி லாரியில் ஏற்றி இன்னோர் ஊரில் புதைப்பது. இரண்டிலும் நஞ்சு இருந்தபடியே இருக்கிறது.

மெல் சின் 1951-இல் ஹூஸ்டன் நகரில் சீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1989-இல் வாஷிங்டனின் ஹிர்ஷ்ஹார்ன் அருங்காட்சியகத்தில் அவருடைய படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒரு சிற்பி எதிர்பார்க்கக்கூடிய பெயர் வந்துவிட்டது. அந்த நேரத்தில் அவர் தன் கைவேலையை நிறுத்திவிட்டு வாசிப்பில் இறங்கினார். அப்போது ஒரு பத்திரிகைக் கட்டுரையில் ஊமத்தைச் செடி மண்ணிலுள்ள உலோகங்களை உறிஞ்சக்கூடும் என்ற குறிப்பு கண்ணில் பட்டது. நம் ஊர்க் குப்பைமேடுகளில் யாரும் நடாமலே முளைக்கும் அதே ஊமத்தை இனம்தான். ஊமத்தை கடைசியில் பெரிதாகப் பயன்படவில்லை. ஆனால் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு விஞ்ஞானியாகத் தொலைபேசியில் தேடிப் போனவர், அமெரிக்க வேளாண் துறையின் ரூஃபஸ் சேனியிடம் வந்து சேர்ந்தார்.

சேனியின் கதை தனி அத்தியாயத்துக்கு உரியது. சாக்கடைக் கசடை வயலுக்கு உரமாகப் போட்டால் காட்மியம் உணவுக்குள் வருமா என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். உலோகத்தை அளவுக்கு மீறி உறிஞ்சும் செடிகளைப் பயிரிட்டு, அறுத்து, அப்படியே மண்ணைச் சுத்தம் செய்யலாம் என்று 1983-இலேயே எழுதியிருந்தார். வயலில் சோதித்துப் பார்க்கப் பணமும் கிடைக்கவில்லை, அதில் அக்கறை காட்டியவர்களும் குறைவு. இப்படி ஓர் எண்ணத்தை ஏழு ஆண்டுகள் சுமந்துகொண்டிருந்த மனிதரிடம்தான் ஒரு சிற்பி போய், நாம் செய்வோமா என்று கேட்டார்.

அந்தச் செடிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ஆக்கன் நகரைச் சுற்றித் துத்தநாகம் வெட்டிய பழைய சுரங்க மேடுகள் உண்டு. வேறு எதுவும் முளைக்காத அந்த மண்ணில் மஞ்சள் வயலட் ஒன்றும், வெள்ளைப் பூ பூக்கும் பென்னிக்ரெஸ் என்ற குட்டிச் செடியும் தழைத்தன. 1885-இல் பவுமன் என்பவர் அவற்றின் இலையை எரித்துச் சாம்பலைச் சோதித்தபோது, செடியில் இருக்கக் கூடாத அளவுக்குத் துத்தநாகம் இருந்தது. 1948-இல் இத்தாலியில் நிக்கல் சேர்க்கும் செடி ஒன்றைக் கண்டார்கள். பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் ஒரு மரம் இருக்கிறது. பட்டையைக் கீறினால் பால் நீலமும் பச்சையும் கலந்து வடியும். நிறம் நிக்கலின் நிறம். சாதாரணச் செடிகள் விஷ உலோகத்தை வேரிலேயே தடுத்து நிறுத்தப் பார்க்கும். இவையோ வேரிலிருந்து இலைக்கு ஏற்றி, இலைச் செல்லின் ஓர் அறையில் பத்திரமாகப் பூட்டிவைக்கின்றன. புழு பூச்சி தின்னாமல் இருக்க இது ஒரு தற்காப்பு என்பது பலரது கருத்து. உலர்ந்த இலையின் எடையில் நூற்றில் ஒரு பங்கு துத்தநாகம் இருந்தால்தான் அந்தச் செடியை அன்று இந்த வரிசையில் சேர்த்தார்கள். நூறு கிலோ சருகில் ஒரு கிலோ உலோகம் என்று எண்ணிப் பாருங்கள்.

சின் இதைச் சிற்பத்தின் மொழியில் புரிந்துகொண்டார். சிற்பி கல்லில் எதையும் சேர்ப்பதில்லை; வேண்டாததைச் செதுக்கி எடுக்கிறான். இங்கே கல்லுக்குப் பதில் நஞ்சேறிய நிலம். உளிக்குப் பதில் செடியின் வேரும் வேதியியலும். செதுக்கப்படுவது கண்ணுக்குத் தெரியாத உலோகம். கடைசியில் வெளிப்பட வேண்டிய உருவம், மீண்டும் எதுவும் முளைக்கக்கூடிய மண். மாமல்லபுரத்துக் கல்தச்சர் தெருவில் நடந்தவர்களுக்கு இந்த உவமையை விளக்கத் தேவையில்லை.

தேசியக் கலை நிதியத்திடம் 10,000 டாலர் கேட்டார். வல்லுநர் குழு தேர்ந்தெடுத்தது, மன்றம் ஒப்புக்கொண்டது. நிதியத்தின் தலைவர் ஜான் ஃப்ரான்மயர் 1990-இல் தன் அதிகாரத்தால் அதை நிராகரித்தார். செடி நட்டு மண்ணைச் சுத்தம் செய்வது எப்படிக் கலையாகும் என்பது சந்தேகம். கலைக்கு அரசு பணம் கொடுக்கலாமா என்று காங்கிரஸில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. சின் நேரில் போய்ப் பேசினார். நிராகரிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தப் பணத்துக்காக நடந்த சந்திப்பை நான் மிகவும் மதிக்கிறேன். தனக்கு மறுக்கப்பட்டதைப் பற்றி அறிக்கை விட்டு நின்றுவிடாமல், மறுத்தவருக்கே எடுத்துச் சொல்லி ஏற்கவைத்தார்.

இடம் கிடைப்பதுதான் அதைவிடக் கடினமாக இருந்தது. தங்கள் மண்ணில் நஞ்சு இருக்கிறது என்று ஊரறியக் காட்ட எந்த நிர்வாகம் முன்வரும்? மினியாபொலிஸின் வாக்கர் கலை மையம் துணைநிற்க, கடைசியில் கதவு திறந்தது பன்றிக்கண் குப்பைமேட்டில்.

1991-இல் வேலை தொடங்கியது. 60 அடிக்கு 60 அடி சதுரமாகக் கம்பிவலை வேலி. அதற்குள் வட்டமாக இன்னொரு வேலி. வட்டத்தைக் குறுக்கும் நெடுக்கும் வெட்டும் இரண்டு நடைபாதைகள். வானிலிருந்து பார்த்தால் துப்பாக்கிக் குறிபார்க்கும் வட்டம் போல இருக்கும். பரந்து கிடந்த அந்தக் குப்பைமேட்டில், இந்த இடத்தைத்தான் குணமாக்கப் போகிறோம் என்று குறிவைத்தது போல. வட்டம் நான்கு கால்பகுதிகளாகப் பிரிந்தது. ஒவ்வொன்றிலும் ஆறு வகைப் பயிர், இரண்டு வகை மண்புளிப்பு, இரண்டு வகை உரம். பெருக்கிப் பார்த்தால் 24. நான்கு பகுதிக்கும் சேர்த்து 96 பாத்திகள். அந்தப் பயிர்களில் சில இவை: மக்காச்சோளம், காட்மியத்தை எளிதில் ஏற்றுக்கொள்ளும் லெட்யூஸ் கீரை, உலோக மண்ணைத் தாங்கும் ஒரு புல், சைலீன் என்ற காட்டுச்செடி, பிறகு நம் பென்னிக்ரெஸ். சதுரத்துக்கும் வட்டத்துக்கும் இடையில் இருந்த நிலத்தில் எதுவும் நடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அப்படியே விட்டார்கள். சேனிக்கு அது முறையான வயல் ஆய்வு. சின்னுக்கு அது சிற்பம். ஒரே பாத்தியில் இரண்டு பேரும் தங்களுக்கு வேண்டியதை விட்டுக்கொடுக்காமல் வேலை செய்தது எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். கலைக்காக ஆய்வு தளரவில்லை; ஆய்வுக்காக வட்டம் கலையவும் இல்லை.

பார்க்க வந்தவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். வேலிக்குள் கீரைப் பாத்தி. பென்னிக்ரெஸ் முழங்கால் உயரம்கூட வளராத செடி. டீனஸின் கோதுமை போல அலையடிக்கவில்லை, ஸ்மித்சனின் மண்பாதை போல மலைக்க வைக்கவில்லை. நடந்தது முழுக்க மண்ணுக்குள்ளே, வேர்முனையில். அட்லாண்டிக் தரையில் கிடக்கும் போமன்டின் சாம்பல் கற்கள்தான் எனக்கு இங்கே நினைவுக்கு வருகின்றன.

அறுத்தார்கள், உலர்த்தினார்கள், ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். மூன்று ஆண்டுகள் இப்படியே. சோளமும் கீரையும் பெரிதாக எதையும் எடுக்கவில்லை. பென்னிக்ரெஸ் துத்தநாகத்தையும் காட்மியத்தையும் இலையில் ஏற்றியிருந்தது. சேனி 1983-இல் எழுதியது வெறும் ஊகமாக இனி இல்லை; அமெரிக்க மண்ணில், உண்மையான குப்பைமேட்டில், கையில் பிடித்துக் காட்டக்கூடிய சான்றாகிவிட்டது. செடிகளால் மண்ணைச் சுத்திகரிக்கும் இந்த முறைக்கு ஃபைட்டோரெமடியேஷன் என்று பெயர் வைத்து உலகம் முழுக்க ஆய்வுகள் பெருகியது அந்தப் பத்தாண்டில்தான். ஒரு விஞ்ஞானிக்குக் கிடைக்காத வயலைக் கலைக்கென ஒதுக்கிய பணம் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

வெற்றியை மட்டும் எழுதினால் வாசகரை ஏமாற்றியவன் ஆவேன். பென்னிக்ரெஸ் சிறியது, ஓர் அறுவடையில் வெளியேறும் உலோகம் மிகக் கொஞ்சம். 60 அடிச் சதுரமே முழுக்கக் குணமாகப் பல பத்து அறுவடைகள் வேண்டும். 1993-இல் ஆய்வு முடிந்து வேலி அகன்றபோது பன்றிக்கண் மேட்டின் பெரும்பகுதி முன்பிருந்தபடியேதான் இருந்தது. வேலை முடியும் நாளில் பார்க்க எதுவும் மிஞ்சக்கூடாது, நல்ல மண் மட்டுமே மிஞ்ச வேண்டும் என்பது சின்னின் கனவு. அந்த நாள் அங்கே வரவில்லை. அதே 1993-இல் பென்சில்வேனியாவின் பாமர்டனில் அடுத்த வயலைப் போட்டார்கள். 1898 முதல் 1980 வரை துத்தநாகம் உருக்கிய புகையில் மலைச்சரிவே மொட்டையாகிப்போன ஊர் அது. பிறகு ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட்டில் இன்னொன்று.

ஒரு கசப்பான பின்கதையும் உண்டு. நிக்கல் சேர்க்கும் அலிசம் என்ற செடியைப் பயிரிட்டு, அறுத்து எரித்து, சாம்பலிலிருந்து உலோகம் எடுத்து விற்கலாம் என்று சேனியும் சகாக்களும் கண்ட முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. மண்ணும் சுத்தமாகும், வருமானமும் வரும். ஓரிகன் மாநிலத்தில் ஒரு நிறுவனம் நட்டுப் பார்த்தது. செடி வயலைத் தாண்டிப் பரவியது. நிக்கல் மிகுந்த அந்த மலைமண்ணில் மட்டுமே வாழும் அரிய தாவரங்களை நெருக்கத் தொடங்கியது. ஓரிகன் அதைத் தீய களைகளின் பட்டியலில் சேர்த்தது; ஆட்கள் சாலையோரமாகப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். வெளியூர்ச் செடியைக் கொண்டுவந்து நடுகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது அந்த மண்ணில் ஏற்கெனவே யார் வாழ்கிறார்கள் என்பதைத்தான். ஓரிகனில் அதை யாரும் உரிய நேரத்தில் விசாரிக்கவில்லை.

இருந்தாலும், மாரிஸின் தார் பூசிய கட்டைகளையும் சின்னின் கீரைப் பாத்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது நான் பாத்தியின் பக்கம்தான் நிற்கிறேன். அது எதையும் மறைக்கவில்லை. இங்கே நஞ்சு இருக்கிறது என்று வேலி போட்டு ஊருக்குச் சொன்னது. சொல்லிவிட்டு, முடிந்த அளவுக்கு, ஒரு பிடி உலோகத்தையாவது மண்ணிலிருந்து வெளியே எடுத்தது. அந்த ஒரு பிடியைப் பெற ஒரு கலைஞனும் ஒரு விஞ்ஞானியும் மூன்று ஆண்டுகள் கதிர் அறுக்கிறவர்களைப் போலக் குனிந்து நின்றார்கள்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்லாமல் விட்டவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குப்பையையும் சாம்பலையும் அள்ளி, லாரியில் ஏற்றி, பன்றிக்கண் மேட்டுக்குக் கொண்டுவந்தவர்கள். எந்த ஊர்க் குப்பைமேட்டின் வரலாற்றிலும் அவர்கள் பெயர் இருப்பதில்லை. மாரிஸ் தன் குழியில் கட்டைகளை நிறுத்திய அதே 1979-இல், நியூயார்க்கில் ஒரு பெண் விடிவதற்கு முன்பே எழுந்து குப்பை லாரிகளின் பின்னால் போகத் தொடங்கியிருந்தார். மியேர்ல் லேடர்மன் யூகலெஸ் என்பது அவர் பெயர். நகரத்தின் துப்புரவுத் தொழிலாளர்கள் 8,500 பேரையும் ஒவ்வொருவராகச் சந்தித்து, கையைப் பிடித்துக் குலுக்கி, நன்றி சொல்வதென்று முடிவெடுத்திருந்தார். பல மாதங்கள் எடுத்தது. அவருக்காகக் காத்திருந்தது அன்று உலகின் மிகப் பெரிய குப்பைமேடுகளில் ஒன்றாக இருந்த ஃப்ரெஷ் கில்ஸ்.

(தொடரும்)